கரண்ட் பில், பெட்ரோல், கேஸ் விலை எகிறும்போது சோலாருக்கும் ஈவிக்கும் மாறலாமா? கணக்கு போடுற வழி

விலை ஏறுற ஒவ்வொரு தடவையும் நடக்குறது இதுதான். ஈபி கட்டணம் ஏறுன அடுத்த பில்லு கைக்கு வந்ததும் சோலார் போடுறவங்களுக்கு போன் மேல போன், பெட்ரோல் நூறைத் தாண்டுன மாசம் ஈவி (மின்சார வண்டி) ஷோரூம்ல கூட்டம், சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டுனா இண்டக்‌ஷன் அடுப்பு விக்குற கடையில கூட்டம். அப்புறம் விலை கொஞ்சம் இறங்கும், இல்லன்னா நமக்கே பழகிப்போயிடும், வாங்கலாம்னு இருந்தவங்க பாதிப்பேர் அப்படியே விட்டுடுவாங்க. வாங்குனவங்கள்ல பாதிப்பேர் அவசரத்துல வாங்கினவங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். விலை ஏறுனதுல உங்களுக்கு எவ்வளவு வலிக்குதுங்கறது ஒரு கணக்கு, மாறினா எவ்வளவு மிச்சம்ங்கறது வேற கணக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுதான் நெறைய பேரு முடிவெடுக்குறாங்க. வலி அதிகமா இருக்குற வீட்டுல மிச்சம் கம்மியா இருக்கும், வலியே தெரியாத வீட்டுல மிச்சம் கொட்டும். தமிழ்நாட்டு ஈபி ரேட்டை வச்சே இதைக் காட்டுறேன், பேனா பேப்பர் எடுத்துக்கோங்க, போன் கால்குலேட்டர் போதும்.

முதல்ல: ஏறுனது எந்த மாதிரி ஏத்தம்?

விலை ஏத்தத்துல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஏறி இறங்குறது, இன்னொண்ணு ஏறி அங்கேயே உக்காந்துக்குறது. பெட்ரோல், சிலிண்டர் எல்லாம் முதல் வகை. சென்னையில வீட்டு சிலிண்டர் 2023 மார்ச்ல 1,118 ரூபா 50 காசு. அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில 200 ரூபா குறைச்சாங்க, 2024 மார்ச்ல இன்னொரு 100 குறைச்சு 818.50க்கு வந்துச்சு, 2025 ஏப்ரல்ல திரும்ப 50 ஏத்துனாங்க. அதாவது 1,118ஐ நம்பி பத்து வருஷக் கணக்கு போட்டவரு ஒரே வருஷத்துல ஏமாந்திருப்பாரு.

ஈபி கட்டணம் ரெண்டாவது வகை. தமிழ்நாட்டுல 2014க்கு அப்புறம் எட்டு வருஷம் கட்டணத்தையே தொடாம வச்சிருந்து, 2022 செப்டம்பர் 10ஆம் தேதி ஒரே அடியா ஏத்துனாங்க. அந்த உத்தரவுலயே 2026-27 வரைக்கும் வருஷா வருஷம் ஜூலைல விலைவாசி உயர்வு அளவுக்கோ 6 சதவீதமோ, எது கம்மியோ அந்த அளவு ஏத்திக்கலாம்னு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் எழுதி வச்சிடுச்சு. 2023ல வந்த 2.18 சதவீதத்தையும் 2025ல வந்த 3.16 சதவீதத்தையும் வீடுகளுக்கு மட்டும் சர்க்காரே ஏத்துக்கிச்சு, 2024ல வந்த 4.83 சதவீதம் நம்ம தலையில விழுந்துச்சு. அதனால வீட்டு கரண்ட் விஷயத்துல ரேட்டு திரும்ப பழைய எடத்துக்கு வரும்னு காத்துக்கிட்டு இருக்குறது வீண். ஏறுறது எப்ப, அதை யாரு கட்டுறதுங்கறது மட்டும்தான் அரசியல்.

உங்க ஏத்தம் எந்த வகைன்னு முடிவு பண்ணாம மேல போகாதீங்க. ஏறி இறங்குற வகைன்னா, கணக்குல உச்ச விலையைப் போடவே கூடாது. ஏறுறதுக்கு முன்னாடி இருந்த விலையைப் போட்டுப் பாருங்க, அந்த விலையிலயும் லாபம்னா யோசிக்காம வாங்கலாம். உச்ச விலையில மட்டும்தான் லாபம்னா அது விலை மேல கட்டுற பந்தயம், அவ்வளவுதான்.

ரெண்டாவது: பில்லுல எந்த வரி ஏறுச்சு?

இதை யாருமே பாக்குறது இல்ல. வீடுகளுக்கு 2022லயே ஃபிக்சட் சார்ஜை எடுத்துட்டாங்க, அதனால வீட்டு பில்லுங்கறது யூனிட் கணக்கு மட்டும்தான், யூனிட்டைக் குறைச்சா பில்லு குறையும். ஆனா கடை, பட்டறை, சின்னக் கம்பெனி வச்சிருக்குறவங்களுக்கு அப்படி இல்ல. கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் சிறுதொழில்காரங்க 2023 செப்டம்பர் 25ஆம் தேதி ஒருநாள் கதவடைப்பு பண்ணாங்களே, அவங்க கோபம் முக்கியமா ஃபிக்சட் சார்ஜ் மேலயும் பீக் அவர் சார்ஜ் (கரண்ட் தேவை உச்சத்துல இருக்குற நேரத்துக்கு கூடுதலா வாங்குறது) மேலயும்தான். இந்த ரெண்டையும் சோலார் தொடாது. ஃபிக்சட் சார்ஜ் நீங்க வாங்கி வச்சிருக்குற லோடுக்கு, மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் கட்டணும். பீக் அவர் காலைலயும் சாயங்காலத்துலயும் வருது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பேனல் என்ன பண்ணும்? அதனால பட்டறைக்காரங்க "பில்லு இவ்வளவு ஏறிடுச்சு, சோலார் போட்டா சரியாயிடும்"னு நெனச்சா, ஏறுனதுல பெரும்பங்கு ஃபிக்சட் சார்ஜா இருந்தா சரியாகாது. முதல்ல சாங்க்‌ஷன்டு லோடு, அதாவது நீங்க வாங்கி வச்சிருக்குற அந்த லோடு, தேவைக்கு மேல இருக்கான்னு பாத்து குறைச்சுக்கோங்க, அதுக்கு பைசா செலவு கம்மி.

ஒரு சின்ன விஷயம், இதே கொங்கு பக்கத்து மில்லுக்காரங்கதான் கரண்ட் செலவும் கரண்ட் கட்டும் தாங்காம முப்பந்தல், உடுமலை பக்கம் காத்தாடி போட்டவங்க. தமிழ்நாட்டுல இன்னைக்கு 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாலை இருக்குன்னா அதுல ஒரு பெரிய பங்கு இந்த மாதிரி சொந்த உபயோகத்துக்கு வந்தது. ஆனா விலை மட்டும் அவங்களைத் தள்ளிவிடல, காத்தாடிக்கு முதல் வருஷமே பெரிய அளவுல தேய்மானம் எழுதி வருமான வரியைக் குறைச்சுக்கலாம்ங்கற சலுகையும் கூட நின்னுச்சு. விலை ஏத்தம் ஆசையைக் கிளப்பும், ஆனா கையெழுத்துப் போட வைக்குறது பெரும்பாலும் சப்சிடியோ வரிச்சலுகையோதான்.

மூணாவது: உங்க கடைசி யூனிட்டு என்ன விலை?

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

சராசரி யூனிட் விலைங்கறதை மறந்துடுங்க. சோலார் போட்டா உங்க பில்லுல மேல இருந்து யூனிட் குறையும், அதாவது ரொம்ப விலை அதிகமான ஸ்லாப்ல (யூனிட் அளவை வச்சுப் பிரிச்ச விலைப் படில) இருந்து முதல்ல கழியும். அதனால நீங்க பாக்க வேண்டியது உங்க கடைசி யூனிட்டோட விலை. 2022 ரேட்டையே வச்சுக்குவோம் (2024 ஏத்தத்துக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் கூட, உங்க லேட்டஸ்ட் பில்லைப் பாத்து மாத்திக்கோங்க). ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீ. 500க்குள்ள இருந்தா 101ல இருந்து 200 வரை 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபா. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 101ல இருந்தே 4.50, அதுக்கு மேல 401ல இருந்து 6, 501ல இருந்து 8, 601ல இருந்து 9, 801ல இருந்து 10, ஆயிரத்துக்கு மேல 11.

இப்ப மூணு வீடு எடுத்துக்குவோம். ஏசி இல்லாத வீடு, ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட். ஒரு ஏசி வச்சு சிக்கனமா ஓட்டுற வீடு, 500. ரெண்டு ஏசி வீடு, 700.

300 யூனிட் வீட்டுக்கு 2022க்கு முன்னாடி 530 ரூபா, அப்புறம் 675. 500 யூனிட் வீட்டுக்கு 1,130ல இருந்து 1,725. 700 யூனிட் வீட்டுக்கு 3,100ல இருந்து 3,650. சதவீதத்துல பாத்தீங்கன்னா நடு வீட்டுக்குத்தான் பேரிடி, பாதிக்கு மேல ஏறிடுச்சு. பெரிய வீட்டுக்கு 18 சதவீதம்தான், அவங்க பெருசா கண்டுக்கவே இல்ல. சோலார்காரங்களுக்கு போன் போட்டவங்கள்ல நடு வீட்டுக்காரங்கதான் அதிகமா இருந்திருப்பாங்க.

மிச்சம் யாருக்குன்னு பாருங்க. 2 கிலோவாட் சோலார் போடுறோம்னு வைங்க. நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும், அப்ப ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். கொட்டேஷன் 1,30,000னு எடுத்துக்குவோம், வீட்டு சோலாருக்கு மத்திய சர்க்கார் சப்சிடி குடுக்குற பிஎம் சூர்யா கர் திட்டத்துல கிலோவாட்டுக்கு 30,000 வீதம் 60,000 வந்துடும், கைக்காசு 70,000.

நடு வீடு 500ல 480 போக 20 யூனிட், அது ஃப்ரீயிலயே போயிடும், பில்லு பூஜ்யம். வருஷத்துக்கு மிச்சம் 10,350. போட்ட காசு திரும்ப ஏறக்குறைய ஏழு வருஷம். பெரிய வீடு 700ல 480 போக 220 யூனிட், பில்லு 3,650ல இருந்து 315க்கு வந்துடும், ஏன்னா எட்டு ரூபா ஒன்பது ரூபா யூனிட்டெல்லாம் காணாம போறது மட்டுமில்ல, 500க்கு கீழ வந்ததால கீழ் ஸ்லாப் சலுகையும் திரும்பக் கெடைக்குது. வருஷத்துக்கு 20,000 மிச்சம், மூணரை வருஷத்துல காசு திரும்பிடும். அதே பேனல், அதே வெயில், ரெட்டிப்பு மிச்சம். சின்ன வீடு 1 கிலோவாட் போட்டாலே பூஜ்யம் ஆயிடும், ஆனா வருஷத்துக்கு மிச்சம் 4,050தான், கைக்காசு 40,000னு வச்சா பத்து வருஷம்.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. இன்னைக்கு சப்சிடியையே வச்சுக்கிட்டு 2022க்கு முன்னாடி இருந்த பழைய ரேட்டுல கணக்கு போட்டுப் பாருங்க. நடு வீட்டுக்கு பத்து வருஷத்துக்கு மேல ஆகும், ஏத்தம் அதை ஏழுக்குக் கொண்டு வந்துச்சு, சரி. பெரிய வீட்டுக்கு பழைய ரேட்டுலயே நாலு வருஷம்தான்! அதாவது ரெண்டு ஏசி வீட்டுக்காரரு விலை ஏறுறதுக்கு காத்திருக்கவே தேவையில்ல. விலை ஏத்தம் அவருக்கு புதுசா பெரிய லாபம் எதையும் குடுக்கல, தூக்கத்துல இருந்து எழுப்பி விட்டுச்சு.

அதனால உங்க வீடு 600 யூனிட்டுக்கு மேலன்னா இன்னைக்கே ஆரம்பிங்க, அடுத்த ஏத்தம் வரட்டும்னு உக்காராதீங்க. 400ல இருந்து 500க்குள்ளன்னா நிதானமா கொட்டேஷன் வாங்குங்க, அவசரம் இல்ல. 300க்குள்ளன்னா சோலாரை விடுங்க, பழைய ஃபேன்களை கரண்ட் கம்மியா இழுக்குற பிஎல்டிசி ஃபேனா மாத்துங்க, சீக்கிரம் காசு திரும்பும். சர்க்கார் ஃப்ரீ யூனிட்டை இன்னும் கூட்டினா சின்ன வீட்டுக்கு சோலார் இன்னும் லாபமில்லாம போகும்ங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க.

நெட் மீட்டர் (நீங்க எடுத்த யூனிட்ல இருந்து பேனல் குடுத்த யூனிட்டைக் கழிக்குற மீட்டர்) விதி, நெட்வொர்க் சார்ஜ் மாதிரி ஏதாச்சும் கழிப்பாங்களா, வருஷக் கடைசியில மிஞ்சின யூனிட்டுக்கு என்ன குடுப்பாங்க, இதெல்லாம் உங்க செக்‌ஷன் ஆபீஸ்ல நேர்ல போய் கேட்டுட்டு மேல சொன்ன கணக்குல கழிச்சுக்கோங்க. சோலார் கம்பெனி சேல்ஸ் ஆளு சொல்றதை மட்டும் நம்பாதீங்க, அவரு எல்லா யூனிட்டையும் எட்டு ரூபான்னு போட்டுத்தான் கணக்கு காட்டுவாரு.

ஈவி ஸ்கூட்டருக்கு

இதுக்கு பெட்ரோல் விலையை விட உங்க கிலோமீட்டர்தான் முக்கியம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் குடுக்குற ஸ்கூட்டர், பெட்ரோல் 100 ரூபா, கிலோமீட்டருக்கு 2.20 ஆகுது. பெட்ரோல் 80க்கு இறங்கினா 1.80. ஈவி ஸ்கூட்டர் 30 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் குடிக்கும், யூனிட் எட்டு ரூபான்னாலும் கிலோமீட்டருக்கு முப்பது பைசாவைத் தாண்டாது. அதாவது பெட்ரோல் 100ஓ 80ஓ, ஈவி ஓட்டுற செலவு அதுல ஆறுல ஒரு பங்குக்கு மேல போகாது. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடுறவருக்கு எந்த பெட்ரோல் விலையிலயும் லாபம். வாரத்துக்கு ரெண்டு நாள் மார்க்கெட் போயிட்டு வர்றவருக்கு பெட்ரோல் 120 ஆனாலும் லாபம் இல்ல.

ஆனா ஒரு பொறி இருக்கு, ஸ்லாப். உங்க வீடு இப்ப 460 யூனிட்ல இருக்கு, பில்லு 1,485. ஈவி வந்து ரெண்டு மாசத்துக்கு 65 யூனிட் சேருது, 525 ஆயிடுச்சு, பில்லு 2,150. அந்த 65 யூனிட்டுக்கு நீங்க குடுத்தது 665 ரூபா, யூனிட்டுக்கு பத்து ரூபாய்க்கு மேல! இதைப் பாத்துட்டு "ஈவி வாங்கினதுல கரண்ட் பில்லு எகிறிடுச்சு"ன்னு புலம்புறவங்களைப் பாத்திருப்பீங்க. அவங்க மறக்குறது என்னன்னா, அதே 1,950 கிலோமீட்டருக்கு பெட்ரோல் 4,300 ரூபாய்க்கு மேல ஆகியிருக்கும். அப்பவும் ஈவிதான் ஜெயிக்குது. ஆனா வேற எடத்துல ஒரு 30 யூனிட் குறைச்சு 500க்கு கீழ நிறுத்திட்டா இன்னும் நல்லது, கீசரை தினமும் ஒரு கால் மணி நேரம் முன்னாடி ஆஃப் பண்ணுற விஷயம்தான்.

வாங்குற நேரத்துக்கு பெட்ரோல் விலையை விட சப்சிடி தேதியைப் பாருங்க. 2023 ஜூன் 1ஆம் தேதி ஈவிக்கு மத்திய சர்க்கார் அப்ப குடுத்துக்கிட்டு இருந்த ஃபேம் சப்சிடியை பேட்டரி கிலோவாட் அவருக்கு 15,000ல இருந்து 10,000மா குறைச்சு, வண்டி விலையில 40 சதவீதம்னு இருந்த உச்சவரம்பையும் 15 சதவீதமாக்குனாங்க. மே மாசம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல வித்த ஈவி டூவீலர், ஜூன்ல பாதிக்கும் கீழ போயிடுச்சு. பெட்ரோல் விலை அந்த ரெண்டு மாசமும் ஒண்ணுதான், சென்னையில 102.63, ஒரு பைசா மாறல. அப்ப ஜனங்களை அசைச்சது எதுன்னு தெரியுதுல்ல.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு

இங்க மட்டும் விலை ஏத்தம் நெஜமாவே பதிலை மாத்தும். 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு பண்ணுற வேலையை இண்டக்‌ஷன்ல பண்ண ஏறக்குறைய 120 யூனிட் ஆகும் (கேஸ் அடுப்புல சூடு பாதி வெளியே போயிடும், இண்டக்‌ஷன்ல வீணாகுறது கம்மி). அதனால சிலிண்டர் விலையை 120ஆல வகுத்துடுங்க, வர்றதுதான் உங்க எல்லைக்கோடு. சிலிண்டர் 1,118 இருந்தப்ப எல்லை ஒன்பது ரூபா சொச்சம், 818க்கு வந்தப்ப ஏழுக்கும் கீழ. உங்க கடைசி யூனிட்டு விலை இந்த எல்லைக்கு கீழன்னா இண்டக்‌ஷன் லாபம், மேலன்னா நஷ்டம். 4.50 ஸ்லாப்ல இருக்குற வீட்டுக்கு எப்பவும் லாபம், ஒன்பது ரூபா ஸ்லாப்ல இருக்குற ரெண்டு ஏசி வீட்டுக்கு 2023 மார்ச்ல ஒட்டி ஒட்டாம லாபம், அடுத்த வருஷம் சுத்தமா நஷ்டம். இதுலயும் 500 எல்லையைத் தாண்டுதான்னு ஒரு கண்ணு வச்சுக்கணும்.

அதுக்காக கேஸ் கனெக்‌ஷனை சரண்டர் பண்ணிடாதீங்க. ரெண்டும் இருந்தா எது மலிவோ அதுல சமைச்சுக்கலாம். பிரேசில் நாட்டுக்காரங்க இதை ரொம்ப கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டாங்க. 1973 எண்ணெய் விலை அடிச்ச அடியில, 1975ல கரும்புச் சாராயத்துல கார் ஓட்டுற திட்டம் ஆரம்பிச்சாங்க, ப்ரோஆல்கூல்னு பேரு. 1979ல ரெண்டாவது அடி விழுந்ததும் ஜனங்க அலைமோதி, எண்பதுகளோட நடுவுல அங்க வித்த புதுக் கார்ல பத்துல ஒன்பது எத்தனால்ல மட்டும் ஓடுறது. 1986ல எண்ணெய் விலை விழுந்துச்சு, அப்புறம் சக்கரை விலை நல்லா இருக்குன்னு ஆலைக்காரங்க அந்தப் பக்கம் சாய, 1989-90ல பங்க்ல எத்தனால் இல்ல, கார் வச்சிருந்தவங்க க்யூவுல நின்னாங்க. அதுக்கப்புறம் எத்தனால் காரை வாங்க ஆளில்ல. 2003ல பெட்ரோல், எத்தனால் ரெண்டும் எந்த அளவுல கலந்து ஊத்தினாலும் ஓடுற ஃப்ளெக்ஸ் கார் வந்தப்புறம்தான் ஜனங்க திரும்ப நம்புனாங்க. ஒரே எரிபொருள்ல சிக்கிக்காம இருக்குறதுக்கும் ஒரு விலை உண்டு, கணக்குல அதையும் சேத்துக்கோங்க.

கூட்டத்தோட போய் நிக்காதீங்க

விலை அதிர்ச்சி வர்றப்ப அது தனியா வராது. 2022ஐ எடுத்துக்கோங்க. உக்ரைன் போர்னால எல்லா எரிபொருளும் ஏறுச்சு, அதே நேரம் பேனலுக்கு மூலப்பொருளான பாலிசிலிக்கானும் உச்சத்துல இருந்துச்சு, நம்ம நாட்டுல ஏப்ரல் 1ல இருந்து வெளிநாட்டு பேனலுக்கு 40 சதவீத சுங்கம், ரிசர்வ் பேங்க் ரெப்போ ரேட்டை (பேங்குகளுக்கு அது கடன் குடுக்குற வட்டி) மே மாசம் 4 சதவீதத்துல இருந்து ஏத்த ஆரம்பிச்சு 2023 பிப்ரவரில 6.5ல கொண்டு போய் நிறுத்துச்சு. அதாவது ஜனங்களுக்கு ஆசை வந்த நேரத்துலயே பொருளும் விலை, கடனும் விலை. ரெண்டு வருஷம் கழிச்சு உலகச் சந்தையில பேனல் விலை பாதிக்கும் கீழ. ஜெர்மனில கேஸ் விலை 2022 ஆகஸ்ட்ல மெகாவாட் அவருக்கு 300 யூரோவைத் தாண்டினப்ப எல்லாரும் ஹீட் பம்புக்கு (கரண்ட்ல வீட்டைச் சூடாக்குற மெஷின்) ஓடுனாங்க, 2023ல 3,56,000 வித்துச்சு, அடுத்த வருஷம் கேஸ் இறங்கி, சட்டத்துலயும் சப்சிடிலயும் குழப்பம் வந்து 1,93,000க்கு விழுந்துச்சு. கூட்டம் இருந்தப்ப ஆள் கெடைக்காம காத்துக் கெடந்தவங்க, அடுத்த வருஷம் போயிருந்தா பேரம் பேசி வாங்கியிருக்கலாம்.

இன்னொண்ணு, கூட்டம் அதிகமானா விதியும் மாறும். நம்ம பக்கத்துல இலங்கையே சாட்சி. 2022 ஆகஸ்ட்ல அங்க மின் கட்டணம் சராசரியா 75 சதவீதம் ஏறுச்சு, 2023 பிப்ரவரில அதுக்கு மேல 66 சதவீதம். கூரை மேல சோலார் போட வசதி இருந்தவங்க போட்டாங்க, நியாயம்தான், பெட்ரோலுக்கு கியூஆர் கோடு காட்டி க்யூவுல நின்ன சனம் அது. ஆனா அப்புறம் கட்டணம் படிப்படியா இறங்கிடுச்சு, 2025 ஜனவரில மட்டும் 20 சதவீதம் குறைச்சாங்க. புதுசா சேர்றவங்களுக்கு யூனிட்டுக்கு குடுக்குற விலையையும் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. 2025 ஏப்ரல் புத்தாண்டு லீவுல, ஃபேக்டரியெல்லாம் மூடி இருக்குறப்ப கரண்ட் மிஞ்சி கிரிட் (ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டு போற லைன் அமைப்பு) தாங்காதுன்னு, கூரை சோலாரை பகல் 3 மணி வரைக்கும் ஆஃப் பண்ணி வைங்கன்னு மின்சார சபையே கேட்டுக்கிச்சு. பாகிஸ்தான்லயும் இதே போக்குதான், கட்டணம் தாங்காம 2024ல மட்டும் சீனாவுல இருந்து 17 ஜிகாவாட் பேனல் இறக்குனாங்க, கொஞ்ச நாள்ல அங்கயும் கிரிட்டுக்கு குடுக்குற யூனிட்டோட விலையைக் குறைக்கணும்ங்கற பேச்சு வந்துடுச்சு.

இதுல நமக்கு வேலைக்கு ஆகுறது: கணக்கைப் போடும்போது கிரிட்டுக்கு விக்குற யூனிட்டை நம்பி பெருசா போடாதீங்க, வீட்டுலயே பகல்ல செலவாகுற அளவுக்கு போடுங்க. வாஷிங் மெஷின், மோட்டார், ஈவி சார்ஜ் எல்லாத்தையும் பகலுக்கு மாத்திக்கிட்டா விதி எப்படி மாறினாலும் அடி கம்மி. சேல்ஸ் ஆளு "மூணு போட்டா சப்சிடி 78,000 சார்"னு சொல்லுவாரு, உண்மைதான், மூணாவது கிலோவாட்டுக்கு 18,000 வருது, ஆனா உங்களுக்கு ரெண்டே போதும்னா மூணாவது எதுக்கு?

இப்ப விலை அமைதியா இருக்குன்னா, இதுதான் வேலை பாக்குற நேரம்

ஒரு வருஷத்து பில்லு ஆறையும் எடுத்து யூனிட்டை மட்டும் வரிசையா எழுதுங்க, மே-ஜூன் பில்லை மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்க, கோடை பில்லு எல்லாரையும் பணக்காரங்களா காட்டும். ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியா சோலார் கழிச்சுப் பாத்து கூட்டுங்க, ஐப்பசி கார்த்திகை மழையில பேனல் குறைச்சலா தரும், அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. அப்புறம் அதே கணக்கை ரேட்டு 10 சதவீதம் கம்மின்னு வச்சு ஒரு தடவை, கூடன்னு வச்சு ஒரு தடவை. ரெண்டுலயும் முடிவு மாறலைன்னா அதுதான் உங்க முடிவு.

ஈபி கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. தாத்தா பேர்ல இருந்துச்சுன்னா பேர் மாத்துற வேலையை இப்பவே முடிச்சிடுங்க, சப்சிடி விண்ணப்பம் கனெக்‌ஷன் பேருக்குத்தான் வரும், எல்லாரும் விண்ணப்பம் போடுற நேரத்துல இதுக்கு அலைஞ்சா கதை முடிஞ்சுது. வாடகை வீடா, அபார்ட்மெண்டா இருந்தா மொட்டைமாடி யாருக்குச் சொந்தம்ங்கறதை எழுத்துல வாங்கிக்கோங்க. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழல் விழாத எடம் வேணும், தண்ணித் தொட்டி நிழல், பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் எல்லாம் சாயங்காலம் மாடில நின்னு பாருங்க.

மூணு கொட்டேஷன் வாங்குங்க, சப்சிடி வேணும்னா இந்தியாவுலயே செல்லுல இருந்து செஞ்ச டிசிஆர் பேனல்தான் போடணும், அது கொட்டேஷன்ல எழுத்துல இருக்கான்னு பாருங்க. கடன்னா சூர்யா கர் திட்டத்துல ரெப்போவுக்கு மேல அரை சதவீதம்ங்கற வட்டில அடமானம் இல்லாம குடுக்குறாங்க, கம்பெனிக்காரங்க கூட்டிட்டு வர்ற ஃபைனான்ஸை விட அது ரொம்ப மலிவு. முழுப் பணத்தையும் முன்னாடியே குடுக்காதீங்க, நெட் மீட்டர் மாட்டி முதல் ரீடிங் வர்ற வரைக்கும் ஒரு பங்கை கையில நிறுத்தி வைங்க. அப்புறம் மாடிக்கு ஒரு தண்ணி பைப் இழுத்துடுங்க, பேனல் கழுவ வாளி தூக்கிட்டு ஏறுறது ரெண்டாவது மாசமே சலிச்சுப் போயிடும்.